தோல்காரர் வீட்டுப் பையன்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கமிருந்து நம்ம காலேஜுக்கு வருகிற நண்பர்களுக்கு முதலில் ஒரு சேதி. டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்தவர் ஒரு தோல்காரர் வீட்டுப் பையன். நிஜமாகத்தான். அப்பா புத்தக பைண்டிங் தொழில் கற்றவர், பாரிஸில் சின்னதாகப் பட்டறை வைத்துத் தோல் சாமான் செய்து விற்றவர். செய்து முடித்ததைத் தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது பையனுடைய வேலை.

எனக்கே இது போன மாதம்தான் தெரியும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு முதல் அத்தியாயம் எழுத உட்கார்ந்தேன். டீசல் இன்ஜினின் வரலாறு என்று அரைப் பக்கம் போட்டால் போதும், கைடு அதற்கு மேல் படிக்க மாட்டார். ஆனால் அந்த அரைப் பக்கத்துக்காகத் தேடப் போனவன் ரெண்டு வாரம் வெளியே வரவில்லை. தெர்மல் புத்தகத்தில் நமக்கு டீசல் என்றால் ஒரு பி-வி டயக்ராம், ஒரு கட்-ஆஃப் ரேஷியோ, ஒரு பதினாறு மார்க் கணக்கு. பெட்ரோல் பங்க்கில் ஒரு போர்டு. அது ஒரு ஆளோட பேரு என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம் படித்தவன் நான், தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது பத்தாவது பரீட்சைக்குப் பிறகு இதுதான். ஒற்றுப்பிழை இருந்தால் எடிட்டர் அக்கா பார்த்துக்கொள்வார்.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா தியோடர், அம்மா எலிஸ், ரெண்டு பேரும் ஜெர்மனியின் பவேரியாப் பக்கத்து ஆட்கள், பிழைக்க வந்த இடம் பாரிஸ். மூன்று பிள்ளைகளில் ருடால்ஃப் நடுவில். வீடும் பட்டறையும் ஒன்றாக இருந்த குடும்பம். தோல், பசை வாசனைக்கு நடுவே வளர்ந்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன், எங்கள் தெருவில் வளர்ந்தவனுக்கு அதைத் தவிர வேறு மாதிரி கற்பனை வராது. நேரம் கிடைத்தால் பையன் ஓடுகிற இடம் ஒன்று உண்டு, பாரிஸில் இருந்த தொழில்நுட்ப அருங்காட்சியகம். பழைய நீராவி வண்டி, இயந்திரங்கள் எல்லாம் அங்கே நிற்கும். பார்த்து வரைந்துகொண்டு வருவான்.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர். பாரிஸில் இருந்த ஜெர்மன்காரர்களெல்லாம் ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலை. பட்டறையைப் போட்டுவிட்டுக் குடும்பம் லண்டனுக்குக் கப்பலேறியது. அந்த வருஷம்தான் பையன் பள்ளிப் படிப்புக்காக ஒரு வெண்கலப் பதக்கம் வாங்கியிருந்தான், மேல் வகுப்பில் சேர இருந்த சமயம். லண்டனில் ஒரு குடும்பத்துக்கே சோறு போடும் அளவுக்கு வேலை இல்லை. பன்னிரண்டு வயசுப் பையனை அம்மா தனியாக ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார். ஆக்ஸ்பர்க் நகரத்தில் சித்தி வீடு, சித்தப்பா பார்னிக்கல் அங்கே கணக்கு வாத்தியார். போர் நேரத்தில் கப்பலிலும் ரயிலிலும் பல நாள் பயணம். நான் இருபத்தொரு வயசில், ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் உள்ள ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் எத்தனை தடவை வீட்டுக்கு ஓடினேன் என்று என் ரூம்மேட்டைக் கேளுங்கள்.

ஆக்ஸ்பர்க்கில்தான் அவன் தன் வழியைப் பிடித்தான். பதினாலு வயதில், இன்ஜினியர் ஆகப்போகிறேன் என்று அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதினான். தொழிற்பள்ளியில் முதல் மாணவன். 1875-ல் மியூனிக் பாலிடெக்னிக்கில் ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்தது. வீட்டில் சம்மதமில்லை. பையன் படித்தது போதும், சம்பாதிக்கட்டும் என்பதுதான் பெற்றவர்கள் எண்ணம். இந்த இடத்தைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பன்னிரண்டாவது முடித்ததும் ஷூ கம்பெனி பஸ் வாசலுக்கே வந்து நிற்கும். என் அக்கா அதில் ஏறினாள், நான் ஏறவில்லை. ஒரு வீட்டில் ஒருத்தர் ஏறினால்தான் இன்னொருத்தர் ஏறாமல் இருக்க முடியும். ருடால்ஃப் ஸ்காலர்ஷிப்பை எடுத்துக்கொண்டு மியூனிக் போய்விட்டார்.

அங்கே அவருக்கு வாத்தியாராகக் கிடைத்தவர் கார்ல் ஃபான் லிண்டே. நம்ம ஃப்ரிட்ஜுக்கும் ஐஸ் ஃபேக்டரிக்கும் தாத்தா அவர். லிண்டே வகுப்பில் ஒரு நாள் நீராவி இன்ஜினைப் பற்றிய பாடம். எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறிலிருந்து பத்து பங்குதான் வேலையாகிறது, மீதி புகைபோக்கியிலும் கண்டென்சரிலும் போகிறது. கார்னோ சொன்ன ஐடியல் சைக்கிள் அதைவிட எவ்வளவோ மேலே நிற்கிறது. இருபது வயது மாணவன் தன் நோட்டின் ஓரத்தில், அந்த ஐடியலை நிஜமாக ஓட்டிப் பார்க்க முடியுமா என்று யோசிக்க வேண்டும் எனக் குறித்துவைத்தார். அது 1878. நாமெல்லாம் நோட்டு ஓரத்தில் எழுதுவது கேன்டீன் கணக்கு.

இன்னொரு கதையும் சொல்வார்கள். தென்கிழக்கு ஆசியாவில், மலேயாப் பக்கத்து மக்கள் பல காலமாகத் தீ மூட்டப் பயன்படுத்திய ஒரு சின்னக் கருவி உண்டு. ஒரு குழாய், அதற்குள் இறுக்கமாகப் போகும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் துளி பஞ்சு. தண்டை ஓங்கி ஒரு அடி அடித்தால் உள்ளே மாட்டிய காற்று அமுங்கிச் சூடாகிப் பஞ்சு பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம், சிக்கிமுக்கிக் கல் வேண்டாம். அதன் கண்ணாடி மாடல் ஒன்றை டீசல் மாணவராக இருந்தபோது பார்த்தார் என்றும், அதுதான் பொறி என்றும் சொல்வதுண்டு. கதை எப்படியோ, தத்துவம் அதேதான். சைக்கிள் டியூபுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப் அடியில் கையை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடுதான் டீசல் இன்ஜின்.

1879-ல் டைபாய்டு வந்து பரீட்சை தள்ளிப்போனது. காத்திருந்த காலத்தில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் சுல்சர் சகோதரர்கள் தொழிற்சாலையில் கைவேலை கற்றார். 1880 தொடக்கத்தில் மிக உயர்ந்த மார்க்கோடு தேறி வெளியே வந்தார். லிண்டே அவரைத் தன் ஐஸ் தொழிலுக்கு எடுத்துக்கொண்டு பாரிஸுக்கே அனுப்பினார். 1883-ல் மார்த்தா ஃப்ளாஷேவைக் கல்யாணம் செய்தார், மூன்று குழந்தைகள். 1890-ல் பெர்லின். பத்து வருஷத்துக்கு மேல் சம்பளம் ஐஸில், மனசு இன்ஜினில். அம்மோனியா ஆவியில் ஓடும் ஒரு இன்ஜினைப் பல வருஷம் முட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. பிறகுதான் ஆவியே வேண்டாம், காற்றையே வேலைசெய்ய வைப்போம் என்ற இடத்துக்கு வந்தார்.

1892 பிப்ரவரியில் பேட்டன்டுக்கு விண்ணப்பம், 1893 பிப்ரவரியில் கைக்கு வந்தது. நம்பர் 67207. அதே வருஷம் ஒரு சின்னப் புத்தகமும் வெளியிட்டார். அதில் அவர் சொன்ன இன்ஜின் இன்று நாம் ஓட்டும் டீசல் இன்ஜின் இல்லை என்பதுதான் இந்த வாழ்க்கையின் முதல் முடிச்சு. எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்வதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

அவர் திட்டம் இது. சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் இழுக்க வேண்டும். அதை 250 அட்மாஸ்பியர் வரை அமுக்க வேண்டும். எரிபொருளைத் துளித்துளியாக விட வேண்டும், எரிந்தாலும் வெப்பநிலை ஏறக் கூடாது. பிஸ்டன் இறங்கும் வேகமும் எரியும் வேகமும் ஒன்றையொன்று சரிக்கட்டி வெப்பநிலை அப்படியே நிற்க வேண்டும். கார்னோ சைக்கிளின் ஐசோதெர்மல் கோடு அப்படியே இரும்பில். பேப்பரில் எஃபிஷியன்சி எங்கேயோ போகும். ஆனால் துளித்துளி எரிபொருளில் கிடைக்கும் வேலை எவ்வளவு? அந்தப் பயங்கர அழுத்தத்துக்கு அமுக்கச் செலவாகும் வேலை, பிஸ்டன் உராய்வு, எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் அநேகமாக ஒன்றுமில்லை. எஃபிஷியன்சி அதிகம், பவர் பூஜ்யம். மெக் பசங்களுக்குப் புரியும், பி-வி டயக்ராமில் பரப்பளவே இல்லாத ஒல்லிக் கோடு.

புத்தகம் அச்சாகி வந்த சில மாதத்திலேயே டீசலுக்கே இது தெரிந்துவிட்டது. அழுத்தத்தை 30, 40 அட்மாஸ்பியருக்கு இறக்கினார், ஐசோதெர்மலை விட்டு ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் எரிப்பது என்று மாறினார், 1893 நவம்பரில் ரெண்டாவது பேட்டன்ட் போட்டார். ஆனால் தன் முதல் கொள்கை தப்பு என்று பொதுவில் தெளிவாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படி ஒப்புக்கொள்வார்? ஆக்ஸ்பர்க் மெஷின் ஃபேக்டரியும் க்ரூப் கம்பெனியும் அந்த முதல் பேட்டன்டை நம்பித்தான் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். க்ரூப் வருஷத்துக்கு 30,000 மார்க் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்போது சொல்லாமல் விட்டது இருபது வருஷம் அவரைத் துரத்தியது. அவருக்காகப் பேச நான் வரவில்லை. ஆனால் ரெண்டாவது ரிவ்யூவில் என் மாடல் தப்பு என்று தெரிந்தே, கிராஃபில் ஸ்கேலை மாற்றிப் போட்டுக் காட்டியவன் நான். கல்லெறிய எனக்குத் தகுதியில்லை.

1893 ஆகஸ்ட் 10. ஆக்ஸ்பர்க்கில் முதல் சோதனை இன்ஜின், 150 மில்லிமீட்டர் போர், 400 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். தானாக ஓடாது, ஃபேக்டரியின் ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்ற வேண்டும். உள்ளே பெட்ரோலை விட்டார்கள். வெடித்த வெடியில் அழுத்தம் 80 அட்மாஸ்பியர் தாண்டி, சிலிண்டரின் மேலே இருந்த இண்டிகேட்டர் உடைந்து பறந்தது. பக்கத்திலிருந்தவர்கள் தலை தப்பியது அதிர்ஷ்டம். டீசலுக்கு அன்று சந்தோஷம். அமுங்கிய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றுகிறது என்பது நிரூபணமாகிவிட்டது, ஸ்பார்க் இல்லை, சுடர் இல்லை.

அந்த உடைந்த இண்டிகேட்டர் என்ன என்று சொல்லிவிடுகிறேன், என் ப்ராஜெக்டே அதன் பேரன் மாதிரி. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற ஒரு சின்ன பிஸ்டன் ஸ்பிரிங்கை எதிர்த்து மேலே போகும். அதில் மாட்டிய பென்சில், இன்ஜினோடு சேர்ந்து அசையும் காகிதத்தில் கோடு போடும். அழுத்தம் ஒரு பக்கம், கொள்ளளவு ஒரு பக்கம். டாக்டர்கள் ஈசிஜி பார்க்கிற மாதிரி டீசல் அந்தக் காகிதத்தைப் பார்த்தே இன்ஜினின் நாடியைச் சொல்வார். வால்வு ஒழுகுகிறதா, காற்று சரியாக நிரம்பியதா, எப்போது பற்றியது, எல்லாம் அந்தக் கோட்டில் இருக்கும்.

1894 பிப்ரவரி 17 அன்று இன்ஜின் முதல் முறையாகத் தானே ஓடியது. எத்தனை நேரம்? ஒரு நிமிஷம். 88 சுற்று. அதுவரை இன்ஜினை இழுத்துக்கொண்டிருந்த பெல்ட் திடீரென்று மறுபக்கம் இறுகியதைக் கவனித்த மெக்கானிக் ஒருவர், ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றினார் என்று சொல்வார்கள். இன்ஜின் இப்போது ஃபேக்டரியை இழுக்கிறது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அங்கிருந்து உருப்படியான இன்ஜினுக்கு இன்னும் மூன்று வருஷம். எரிபொருளை உள்ளே செலுத்துவதுதான் பெரிய தலைவலி. இன்றைய மாதிரி ஊசித்துளை இன்ஜெக்டரும் பம்பும் அன்று செய்ய முடியாது, பாஷ் கம்பெனியின் பம்ப் எல்லாரும் வாங்கும்படி வந்ததே 1927-ல்தான். டீசல் ஒரு தனி கம்ப்ரசர் வைத்து, அமுக்கிய காற்றாலேயே எரிபொருளை ஊதி உள்ளே தள்ளினார். கனமான, கோளாறு பிடித்த ஏற்பாடு. ஆனால் வேலை செய்தது. இமானுவேல் லவுஸ்டர் என்ற இளம் இன்ஜினியர் வரைந்த மூன்றாவது இன்ஜினை 1897 பிப்ரவரி 17 அன்று மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாகச் சோதித்தார். 154 ஆர்பிஎம்மில் 17.8 குதிரைத்திறன். எஃபிஷியன்சி 26.2 சதவீதம். பத்தைத் தாண்டத் தடுமாறிய நீராவி இன்ஜின்களின் உலகத்தில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். அந்த இன்ஜின் இப்போது மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் நிற்கிறது.

அந்த இன்ஜினை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன், நீங்களும் போடலாம். போர் 250 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 400. பிஸ்டன் பெருக்கும் கொள்ளளவு 19.6 லிட்டர். அதாவது ஹாஸ்டல் வாசலில் இறங்குகிற தண்ணி கேன் ஒன்று. அந்த கேன் நிறையக் காற்று இருந்தால் அதன் எடை சுமார் 23 கிராம். 17.8 குதிரைத்திறன் என்றால் 13.1 கிலோவாட், அதை 0.262-ஆல் வகுத்தால் எரிபொருளிலிருந்து வர வேண்டிய வெப்பம் 50 கிலோவாட். மண்ணெண்ணெய் ஒரு கிலோவுக்கு 43 மெகாஜூல் என்று வைத்து, நிமிஷத்துக்கு 77 சைக்கிள் என்று பிரித்தால், ஒரு தடவைக்கு 0.9 கிராம். 23 கிராம் காற்று, 0.9 கிராம் எண்ணெய். விகிதம் 25-க்கு 1. முழுசாக எரிய 15-க்குக் கொஞ்சம் கீழே போதும். டீசல் நிறையக் காற்றை மிச்சம் வைத்திருந்தார், அதனால்தான் புகை கட்டுக்குள் இருந்தது.

அதே கேனை வேலூரில் வையுங்கள். மே மாதம் 42 டிகிரி வெயிலில் அதில் 22 கிராம் காற்றுதான் பிடிக்கும். 5 டிகிரி குளிரில் 25 கிராம் கிட்ட. காற்றழுத்தம் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், இன்ஜின் அதேதான், கேன் அதேதான், மூச்சு மட்டும் எட்டில் ஒரு பங்கு குறைவு. எங்கள் ஊரில் 2012 மின்வெட்டு நேரத்தில் தோல் ஷாப்புகளில் ஜெனரேட்டர் ஓடாத மணி நேரமே கிடையாது. டிரம்முக்குள் தோல் ஊறிக்கொண்டிருக்கும், கரண்ட் போனதென்று டிரம்மை நிறுத்த முடியாது. என் மாமா ஒரு ஷாப்பில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பஃபிங் செக்ஷன் பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஷெட். தோல் தூசி ஏர் ஃபில்டரில் அப்பிக்கொள்ளும், மதியத்துக்கு மேல் கரும்புகை கக்கும். எண்ணெய் சரியில்லை என்று மாமாவைத்தான் திட்டுவார்கள். எண்ணெயில் குறையில்லை, சிலிண்டருக்குள் காற்று போகவில்லை. மாமா ஃபில்டரைத் தட்டித் தட்டி மாட்டுவார். அவருடைய இருமலுக்கும் அந்த ஷெட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை.

அந்த 23 கிராமைக் கண்டுபிடிப்பதுதான் என் ப்ராஜெக்ட். சுருக்கமாகச் சொல்லிவிட்டு டீசலிடம் திரும்புகிறேன். டீசலின் இன்ஜினில் வால்வு எப்போது திறக்க வேண்டும், மூட வேண்டும் என்பது கேமில் வெட்டிவைத்த விதி, மாறாது. வேகமும் மாறாது. இன்றைய சில டீசல் இன்ஜின்களில் வால்வு டைமிங்கையே ஓடும்போது மாற்றலாம். கார்களில் முதலில் செய்தது மிட்சுபிஷி, 2010 வாக்கில். இன்டேக் வால்வைத் தாமதமாக மூடினால், மேலே ஏறும் பிஸ்டன் கொஞ்சம் காற்றை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். உண்மையான கம்ப்ரஷன் குறையும். பதினாறுக்கு ஒன்று அமுக்கினால் காற்று 500 டிகிரி தாண்டும், பன்னிரண்டாகக் குறைந்தால் 440 டிகிரி கிட்டதான். அதனால் எரியும் சூடு குறைந்து நைட்ரஜன் ஆக்சைடு குறையும். நல்லதுதான். ஆனால் உள்ளே எவ்வளவு காற்று மாட்டியது என்று ஈசியூவுக்கு எப்படித் தெரியும்? பைப்பில் உள்ள சென்சார் பைப்பில் போனதைத்தான் சொல்லும், திரும்பி வந்ததைச் சொல்லாது. முந்தின சைக்கிளின் சூடான புகை மிச்சம் வேறு உள்ளே கலந்திருக்கும். தெரியாமல் எண்ணெயை விட்டால் மாமாவின் கரும்புகை.

நான் எடுத்த வழி, அமுங்கும் கோட்டில் ரெண்டு இடத்தில் அழுத்தத்தை அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. கழிக்கும்போது சென்சாரின் நிலையான பிழை அடிபட்டுப் போகும். கொள்ளளவு தெரியும், அந்த வித்தியாசத்திலிருந்து அழுத்தம் வரும், அதிலிருந்து நம்ம பழைய ஐடியல் கேஸ் சமன்பாட்டில் எடை. சிக்கல் வெப்பநிலையில்தான். 350 கெல்வினில் 10 கெல்வின் தப்பினால் எடையில் 3 சதவீதம் போச்சு. யோசித்தால் இது 1893-ல் உடைந்து பறந்த அந்த இண்டிகேட்டர் செய்த வேலையேதான், பென்சிலுக்குப் பதில் மைக்ரோகன்ட்ரோலர்.

சரி, 1897-க்கு வருவோம். வெற்றி வந்த வேகத்தில் பணமும் வந்தது. அமெரிக்க உரிமையை மட்டும் பீர் அதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கினார். 1898-ல் டீசலின் உரிமைகளுக்காகவே ஒரு கம்பெனி தொடங்கி 35 லட்சம் மார்க் விலை பேசினார்கள், பெரும்பகுதி பங்காக. தோல்காரர் மகன் நாற்பது வயதில் கோடீஸ்வரர். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனால் இன்ஜின் இன்னும் தயாராகவில்லை. சோதனைச்சாலையில் ஓடியது வாடிக்கையாளர் இடத்தில் ஓடவில்லை. முதலில் வாங்கினவர்களில் கெம்ப்டன் ஊரின் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று, 60 குதிரைத்திறன், 1898. தீக்குச்சி தேவைப்படாத இன்ஜினைத் தீக்குச்சி கம்பெனிக்கு விற்றிருக்கிறார்கள், கோவில்பட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அதுவும் கோளாறு மேல் கோளாறு. ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய தனி டீசல் ஃபேக்டரி நொடித்தது. இன்னொரு பக்கம் எமில் கேப்பிட்டைன் என்பவர் பேட்டன்டே செல்லாது என்று வழக்குப் போட்டார். வழக்கில் டீசல் தோற்கவில்லை, ஆனால் உடம்பு தோற்றது. தூக்கமின்மை, தலைவலி, நரம்புத் தளர்ச்சி. பணம் வந்த அதே 1898-ல் மருத்துவமனையில் கிடந்தார். மீதிப் பணத்தை நிலத்தில் போட்டார், எண்ணெய்க் கிணற்றில் போட்டார், ரெண்டிலும் கை சுட்டது. அமுக்கிய காற்றின் கணக்கு அத்துப்படியாகத் தெரிந்தவருக்கு ரியல் எஸ்டேட் கணக்கு தெரியவில்லை.

இன்ஜின் மட்டும் அவரை விட்டுவிட்டு வளர்ந்துகொண்டே போனது. 1900 பாரிஸ் கண்காட்சியில் முதல் பரிசு. அங்கே ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள், பார்த்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது வேறு எண்ணெய் என்று தெரிந்தது. 1912-ல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசலிலேயே கடலைக் கடந்தது. அதற்கு இடையில் அவர் 1903-ல் ஒரு புத்தகம் எழுதினார், தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுத் தாங்களே தொழிற்சாலைகளை நடத்தும் திட்டம். பத்தாயிரம் பிரதி அச்சடித்து, விற்றது சில நூறு. இன்ஜினைவிட அதைத்தான் தன் பெரிய வேலையாக அவர் நினைத்தார். பட்டறை வீட்டில் பிறந்தவருக்கு அந்த நினைப்பு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

1912 நவம்பரில் பெர்லினில் கப்பல் பொறியாளர்கள் சங்கத்தில் டீசல் இன்ஜின் உருவான கதையைச் சொன்னார். கைதட்டலோடு கேள்விகளும் வந்தன. பேட்டன்டில் உள்ள இன்ஜின் வேறு, ஓடுகிற இன்ஜின் வேறு, அப்படியானால் இதில் உங்களுடையது எது என்ற அந்தப் பழைய கேள்வி. ஆஹன் நகரப் பேராசிரியர் லூடர்ஸ், டீசல் என்பதே கட்டுக்கதை என்று தலைப்பிட்டு 1913-ல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். அந்த வருஷம் டீசலின் கடன் அவர் சொத்தைத் தாண்டியிருந்தது. வீட்டில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதில் கொஞ்சம் ரொக்கமும், வங்கிக் கணக்குகள் காலியாகிவிட்டதைக் காட்டும் காகிதங்களும் இருந்தன.

1913 செப்டம்பர் 29 மாலை பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ட்ரெஸ்டன் என்ற கப்பல் ஏறினார். லண்டனில் கம்பெனிக் கூட்டம், இங்கிலாந்தில் புது டீசல் தொழிற்சாலை. கூட வந்த ரெண்டு நண்பர்களோடு சாப்பிட்டார், டெக்கில் நடந்தார், பத்து மணிக்குத் தன் அறைக்குப் போனார். காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார். காலையில் அறை காலி. படுக்கையில் யாரும் படுத்த அடையாளம் இல்லை. இரவு உடை எடுத்துவைத்தபடி இருந்தது, படுத்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கடிகாரம் வைத்திருந்தது. பின்பக்க டெக்கில் கம்பியோரம் தொப்பியும், மடித்துவைத்த ஓவர்கோட்டும். டைரியில் 29-ஆம் தேதிக்கு ஒரு சிலுவைக் குறி.

தற்கொலை என்பார்கள். போருக்கு முந்தின வருஷம், நீர்மூழ்கிக் கப்பல் ரகசியம் பிரிட்டனுக்குப் போகக் கூடாதென்று ஜெர்மனி கொன்றது என்பார்கள். எண்ணெய் முதலாளிகள் வேலை என்பார்கள். யூடியூபில் மூணு மணி நேரம் பார்க்கலாம், நான் பார்த்தேன். அந்தப் பையும் டைரியும் எனக்குப் போதும்.

பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு உடலைக் கண்டார்கள். அடையாளம் தெரியாத நிலை. சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக்கொண்டு உடலைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரை டப்பா, பர்ஸ், பேனாக்கத்தி, கண்ணாடிக் கூடு. அக்டோபர் 13 அன்று இளைய மகன் ஆய்கன் அவற்றைப் பார்த்து அப்பாவுடையதுதான் என்றார். அவருக்கு அப்போது இருபத்துநாலு வயது. பின்னாளில் 1937-ல் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதும் அவர்தான். இந்தக் கட்டுரையில் உள்ள பாதி விஷயம் நமக்குத் தெரிவதே அதனால்தான்.

நாளைக்கு எனக்கு மூணாவது ரிவ்யூ. என் மாடலில் வால்வு மூடும் கோணம் பின்னால் போகப் போகப் பிழை 6 சதவீதத்தில் நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. இந்த முறை கிராஃபில் ஸ்கேலை மாற்றவில்லை. அந்த 6 சதவீதத்தைச் சிவப்பில் போட்டிருக்கிறேன். மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், ஃபில்டரைத் தட்டிப் பார்த்தியா என்று கேட்டு ரிப்ளை வந்திருக்கிறது.